பன்னிரண்டாவது தடி

தட். தட். சர்ர்க்.

மறுபடியும் கேட்கிறது, ரெஜினா சிஸ்டர். மூங்கில் தடியை ரெண்டு தரம் ஊன்றுகிற மாதிரி ஒரு சத்தம். அதன் பின்னாலேயே கல்லில் எதையோ வைத்துத் தேய்க்கிற மாதிரி இன்னொரு சத்தம். வீட்டுக்குப் பக்கத்துச் சந்திலிருந்து வருகிறது. மணி ஒன்றேகால்.

பயப்படக் கூடாது. அது சித்தர்தான். என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி மலை ஏறுகிற சித்ரா பௌர்ணமி ராத்திரியில் ஒவ்வொரு வருஷமும் வருவார். மலைக்குப் போனவர்களின் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவாராம். எட்டிப் பார்த்தால் கண் அவிந்துவிடும் என்று என் மாமியார் சொல்லியிருக்கிறார். நான் பார்த்ததில்லை. வாசல்படியில் ஒரு சொம்பு தண்ணீரும் ரெண்டு பூவன்பழமும் வைப்பதோடு சரி. காலையில் பழம் இருக்காது. தோலை மட்டும் முடிச்சுப் போட்டுச் சொம்பின் மேல் வைத்துவிட்டுப் போயிருப்பார். என் வீட்டுக்காரரும் பழத்தோலை அப்படித்தான் முடிச்சுப் போடுவார். பெரிய ஆத்மாக்களுக்கு எல்லாம் ஒரே பழக்கம் போல என்று கல்யாணமான முதல் வருஷம் நினைத்துக்கொண்டேன்.

யார் எழுதுகிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. போன வியாழக்கிழமை மத்தியானம் உங்கள் ஆஸ்பத்திரியில், மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு இடது புருவத்தில் ஐந்து தையல் போட்டீர்கள். மகிழினி. குழந்தை அழவில்லை, அதைத்தான் நீங்கள் முதலில் கவனித்தீர்கள். "ஏங்கண்ணு, ஊசி குத்துனா அழோணும், தெரியாதா?" என்று அவளைக் கேட்டீர்கள். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்றேன். மறுபடி கேட்டீர்கள். கட்டில்தான் என்றேன்.

அவர் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் நீங்கள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னது இன்னும் அங்கேயே இருக்கிறது. "கட்டில்ல உழுந்தா இப்படிக் கிழியாது கண்ணு. செவ்வாக்கெழம தையல் பிரிக்க வா. வரும்போது நெசத்தையும் எடுத்துட்டு வா." ஓ.பி. சீட்டை எடுத்துவரச் சொல்கிற மாதிரி சொன்னீர்கள்.

விடிந்தால் செவ்வாய். நான் எட்டாம் கிளாஸிலிருந்து பன்னிரண்டாம் கிளாஸ் வரை கான்வென்ட் ஹாஸ்டலில் இருந்து படித்தவள். சிஸ்டர் என்று கூப்பிட்டவரிடம் பொய் சொல்லிவிட்டுத் தூங்கிப் பழக்கமில்லை. நேரில் என்றால் வாய் வராது. அதனால் எழுதுகிறேன். போன் இல்லை. மலைக்குப் போகும்போது என் போனையும் அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டிலிருக்கிற பெண்ணுக்கு அன்றைக்கு வாய்ப்பேச்சு ஆகாது என்று ஒரு விரதம்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இது புகார் இல்லை. அவர் நல்லவர்தான். லோகநாதன் என்றால் சிறுவாணி ரோட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். அதைவிட, பதினொரு தடவை வெள்ளியங்கிரி ஏறினவர் என்றுதான் தெரியும். அந்த மலையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். ஏழு மலை, ஒன்றின் தலையில் ஒன்று. தென்கயிலாயம் என்பார்கள். செருப்பில்லாமல் ராத்திரியில் ஏற ஆரம்பித்தால் ஏழாவது மலையில் சூரியன் உதிக்கும். உச்சியில் பாறைகளுக்கு நடுவே சுயம்புவாகச் சிவன். அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தடிதான் மூன்றாவது கால். இறங்கியதும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பார்கள். தடியே சாமி மாதிரிதான்.

எங்கள் வீட்டு முன்னறை மூலையில் பதினொரு தடி நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மஞ்சள் துணி, குங்குமம். மலை ஏறப்போகிற பையன்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அவர் காலில் விழுந்துவிட்டுத்தான் போவார்கள்.

பத்து வயதுக்கு மேல் ஐம்பது வயதுவரை பெண்கள் அந்த மலை ஏறுவது வழக்கமில்லை. ஆனால் நான் ஏறியிருக்கிறேன், சிஸ்டர். ஒன்பது வயதில். என் அப்பா பஸ் கண்டக்டர். "இந்த வருசம் உட்டா அப்புறம் நாப்பது வருசம் காத்திருக்கோணும், வா" என்று கூட்டிப் போனார். முதல் மலையே செங்குத்தான படி. எண்ணக் கூடாது என்றார் அப்பா. எண்ணினால் மலை வளருமாம். நான் திருட்டுத்தனமாக எண்ணினேன், முந்நூறுக்கு மேல் மூச்சு வாங்கி, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ரெண்டாவது மலையில் வழுக்குப்பாறை. அதன்மேல் நாலு காலில் ஊர்ந்தேன். மூன்றாவதில் கைதட்டிச் சுனை. கை தட்டினால் தண்ணீர் வரும் என்றார்கள். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். ஒரு நூல் மாதிரி வந்தது, அல்லது முன்பே வந்துகொண்டிருந்ததோ என்னவோ. ஐந்தாவது மலையில் காற்று என்னைத் தூக்கிவிடும் போலிருந்தது. அப்பா தன் வேட்டி முனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆறாவது மலையில் ஆண்டி சுனை. அந்தத் தண்ணீரில் முங்கி எழுந்தால் பல் தானாக அடித்துக்கொள்ளும். என்னைச் சூடாக்க அப்பா ஒரு கதை சொன்னார். கட்டிக்க ஆசைப்பட்ட பெண் கிடைக்காமல் மனசு உடைந்து சிவன் வந்து உட்கார்ந்த மலையாம் இது.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"அவ தெக்க கன்னியாகுமரியில நிக்கிறா."

"அவளை இங்க கூட்டிட்டு வந்திருக்கலாமில்ல?"

"எப்படி வருவா? அவளுக்குப் பத்து வயசு தாண்டிருச்சே!"

பக்கத்தில் துண்டு பிழிந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஏழாவது மலையில், பாறை இடுக்கில் குனிந்து நுழைந்து, கன்னம் வெடிக்கிற குளிரில் சிவனைப் பார்த்தபோது நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த மலையிலிருந்து கொண்டுவந்த என் சின்னத் தடியின் அடி, துடைப்பம் மாதிரி பிரிந்திருந்தது. நாருக்கு நடுவே செம்மண்ணும் குட்டிக் கற்களும். அப்பா அதைக் காட்டி, "இதுதான் மலை போட்ட கையெழுத்து" என்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கல்யாணமான ரெண்டாவது மாதம். நாலைந்து பையன்களுக்கு அவர் மலை ஏறுவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நாலாவது மலையில ஆண்டி சுனை வரும், அங்க குளிச்சுப்போட்டுத்தான்..." என்றார். நான் டீயை நீட்டியபடி, "ஆறாவது மலையில்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். "கான்வென்ட்டுல மலையப் பத்தியும் பாடம் நடத்துவாங்களாட்டம் இருக்குது" என்றார். பையன்கள் போன பிறகு கதவைச் சாத்தினார். என் காதோடு சேர்த்து ஓர் அறை. அதற்கப்புறம் மூன்று நாள் அந்தக் காதில் வண்டு பறந்தது.

புருஷன் பேச்சில் குறுக்கே பேசியது என் தப்புதான். வருஷா வருஷம் மலை மாறுமோ என்னவோ, எனக்கென்ன தெரியும், ஒரு தடவை போனவள்.

தட். தட். சர்ர்க். சர்ர்க்.

இன்றைக்கு ரொம்ப நேரமாகத் தேய்க்கிறார். நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்தது துணி சங்கதி. அதைச் சொன்னால்தான் வியாழக்கிழமை புரியும். மகி பிறந்து மூன்று மாதம். ஆடி மாத மழை ஐந்து நாளாக விடவில்லை. கொடிக்கயிறு அறுந்துவிட்டது. குழந்தைக்கு மாற்ற ஒரு துணிகூட இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்னறை மூலையிலிருந்து ஒரு தடியை எடுத்து, ரெண்டு நாற்காலிக்குக் குறுக்கே வைத்து, துணியைக் காயப் போட்டேன். மூத்திரத் துணி. சாமி தடியில். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆனால் அந்த நேரத்தில் அது வெறும் மூங்கிலாகத்தான் தெரிந்தது.

அவர் வந்தார். பார்த்தார். நான் பயத்தில் உளற ஆரம்பித்தேன். எனக்கு பயம் வந்தால் பேச்சு நிற்காது. "துவைச்ச துணிதானுங்க, தடிக்கு ஒண்ணும் ஆகலீங்க, பாருங்க, அடி நுனிகூடத் தேயாம வாங்குன மாதிரியே புதுசா இருக்குது" என்றேன்.

அவர் முகம் அப்போதுதான் மாறியது. துணியைப் பார்த்தபோது இல்லை.

தடியை உருவினார். துணிகள் தரையில் விழுந்தன. "மலையப் பத்தி உனக்குத் தெரியுமில்ல. ஏறு பாக்கலாம்" என்றார். முதல் அடிக்கு "மொதோ மலை" என்றார். தொடையில். ரெண்டாவது மலை முழங்காலில். மூன்றாவது மலையில் நான் குப்புற விழுந்துவிட்டேன். நாலும் ஐந்தும் முதுகில். ஒவ்வொரு மலைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாக, பெயர் சொல்லி. ஆறாவது மலைக்கு அத்தை சமையலறையிலிருந்து, "தலையில படாமப் பாத்துக்கடா" என்றார். ஏழாவது மலைக்குக் கையால் தலையை மூடிக்கொண்டேன். வலது சுண்டுவிரல் ஒடிந்தது. என் கையெழுத்து கோணலாக இருக்கிறதென்று நினைத்திருப்பீர்கள். கான்வென்ட்டில் என் கையெழுத்துக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

உள்ளறைக்குத் தவழ்ந்து போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். குழந்தை என்னோடு இருந்தது. அவர் கதவை உடைக்கவில்லை. தட்டக்கூட இல்லை. மறுநாள் காலையில் ஸ்குரூடிரைவரோடு வந்து, பாட்டு முனகிக்கொண்டே, உள்ளறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்தார். ஆணி ஓட்டைகளில் மக்கு அடைத்து, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்தார். இன்றைக்கும் நீங்கள் வந்து பார்த்தால் அங்கே ஒரு காலத்தில் தாழ்ப்பாள் இருந்தது தெரியாது. வேலையில் அவ்வளவு சுத்தம்.

அத்தை அன்றைக்கு என் விரலுக்கு மாவுக்கட்டுப் போடக் கூட்டிப்போனார். பஸ்ஸில் சொன்னார்: "அடிச்சது அவனில்ல அம்மிணி. சாமி தடி தானா அடிச்சுது. தோசம் கழிஞ்சுதுன்னு வெச்சுக்கோ." நானும் வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் உள்ளறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வாசல் கதவுக்கு மட்டும் மேலே ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் இருக்கிறது. அதையும் இன்றைக்கு ஒரு ராத்திரி போடக் கூடாது. மலையில் கால் வைத்தவன் திரும்பும்வரை அவன் வீட்டுக் கதவு வெறுமனே சாத்தித்தான் இருக்க வேண்டும். உள்ளே தாழிட்டால் மலையில் அவனுக்குக் கால் இடறும். தெற்கு வீதியில் ஒருத்தி திருட்டு பயத்தில் தாழ் போட்டாளாம், அவள் புருஷன் வழுக்குப்பாறையில் சறுக்கி, தூளி கட்டித் தூக்கி வந்தார்களாம். இது அத்தை சொன்னது.

வருஷா வருஷம் இந்த ராத்திரியில் அத்தைதான் முன்னறையில், கதவுப் பக்கம் படுப்பார். நானும் குழந்தையும் உள்ளறையில். விடிகிறவரை எட்டிப் பார்க்கக் கூடாது. முந்தின நாள் பகலிலேயே ஏற ஆரம்பித்தவர் என்பதால், விடியும்போது அவர் விபூதிப் பட்டையோடு, கால் நொண்டிக்கொண்டு, முன்னறையில் உட்கார்ந்திருப்பார். நான் பால் கொண்டுபோய்க் கொடுத்துக் காலில் விழுவேன்.

இன்றைக்கு அத்தை இல்லை. பொள்ளாச்சியில் நாத்தனாருக்கு மத்தியானம் திடீரென்று வலி எடுத்துவிட்டது, ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவருக்கு இது தெரியாது, அதற்கு முன்பே மலைக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது அத்தை நாலு தரம் சொன்னார்: "தாப்பா போட்றாத. நீ உள்ளயே படு. என்ன சத்தம் கேட்டாலும் எந்திரிக்காத." ஆனால் தாழில்லாத வாசல் கதவை விட்டுவிட்டு உள்ளே எப்படித் தூங்குவது? குழந்தையை முன்னறையில் என் பக்கத்தில் போட்டுவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எழுதுகிறேன். என் முதுகுதான் தாழ்ப்பாள்.

இனி வியாழக்கிழமை. சொல்லிவிடுகிறேன்.

நான் அடுப்படியில் இருந்தேன். பின்கட்டில் சர்ர்க் சர்ர்க் என்று சத்தம். போய்ப் பார்த்தால் மகி. மூலையிலிருந்து ஒரு தடியை இழுத்துக்கொண்டு வந்து, துவைக்கிற கல்லில் அதன் அடியை வைத்து, ரெண்டு கையாலும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் போல ஒன்றரை மடங்கு உயரம் அந்தத் தடி. "அய்யோ சாமி, அதை எதுக்குடி எடுத்தே?" என்று ஓடினேன். அவள் சொன்னாள், "அப்பா மாதிரிம்மா. அப்பா பட்டறையில இப்பிடித்தான் தேப்பாங்க."

அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

குழந்தையின் கையிலிருந்து தடியைப் பிடுங்கினார். நான் என்னை அடிப்பார் என்று நினைத்து முதுகைத் திருப்பிக்கொண்டேன். பழக்கம். அடி என் மேல் விழவில்லை. நான் முதுகைத் திருப்பாமல் இருந்திருந்தால் நடுவில் புகுந்திருப்பேன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை, சிஸ்டர், அந்தத் திரும்பல். கட்டில் இல்லை. தடி கை தவறிப் பட்டதும் இல்லை. அவர் அடித்தார். மூன்று வயதுக் குழந்தையை, ரெண்டு கையாலும் ஓங்கி, முகத்தில். கல்மேல் ரத்தம் சோப்பு நுரையில் கலந்து ரோஜா நிறத்தில் ஓடியது. அவள் அழ வாயைத் திறந்தாள். அவர் விரலை வாயில் வைத்து, "உஷ்" என்றார். அதனால்தான் உங்கள் ஊசிக்கும் அவள் அழவில்லை.

சாமி தடியைத் தொட்டதற்காகக் கோபம் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன். இதோ இந்த வரியை எழுதுகிறவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பா பட்டறையில இப்பிடித்தான் தேப்பாங்க.

தட். தட். சர்ர்க்.

ஒரு நிமிஷம், சிஸ்டர்.

எழுந்து போய்ப் பார்த்தேன். தீட்டு நாளில் நான் அந்த மூலைப் பக்கமே போகக் கூடாது. இன்றைக்கு மூன்றாம் நாள். போனேன். பதினொரு தடியையும் ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து, லைட் போட்டால் வெளியே தெரியும் என்று ஏற்றி வைத்திருந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் அடியைப் பார்த்தேன்.

மிகப் பழையது ஒன்றின் அடி மட்டும் லேசாகப் பிரிந்திருக்கிறது. கொஞ்சம்தான். முதல் மலையின் பாதிவரை போன தடி அப்படி இருக்கும். அதற்கப்புறம் எட்டுத் தடி, கத்தியால் வெட்டினது வெட்டினபடி. ஒரு கீறல் இல்லை. கடைசி ரெண்டின் அடி தேய்ந்திருக்கிறது. ஆனால் துடைப்பம் மாதிரி இல்லை. ஒரே பக்கமாக, வழவழவென்று, சிலேட்டுக் குச்சியைச் சிமெண்டில் தேய்த்த மாதிரி. மண் இல்லை. கல் இல்லை. அந்த ரெண்டும் நான் துணி காயப்போட்டு, நுனி புதுசாக இருக்கிறதென்று உளறினதற்குப் பின்னால் வந்த வருஷங்களின் தடி.

மலை கையெழுத்துப் போடவில்லை. அவரே போட்டுக்கொண்டிருக்கிறார்.

சிஸ்டர், எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஏழு மலை பெயர் சொல்லி என்னை அடித்தாரே. ஏறாத மலை. அடிவாரத்துக் கடையிலிருந்து நேராக வந்த வெறும் மூங்கில். அதற்கா நான் நாலு வருஷமாகக் குங்குமம் வைத்தேன்? சாமி தடி என்று நினைத்துத்தானே ஒடிந்த விரலைக்கூடப் பிரசாதம் மாதிரி வைத்துக்கொண்டேன்?

ஜன்னல் கதவை ஒரு விரல் அகலம் திறந்தேன். கண் போனால் போகட்டும். பகல் மாதிரி நிலா. சந்து முனையில் கிடக்கிற ஆட்டுக்கல்லில் உட்கார்ந்திருக்கிறார் சித்தர். காவித் துண்டு. நெற்றி நிறைய விபூதி. மடியில் புதுத் தடி. தேய்த்தார். தூக்கி நிலாவில் பார்த்தார். நிமிர்த்தித் தரையில் ரெண்டு குத்துக் குத்தினார், பிசிறு உதிர. மறுபடி தேய்த்தார். அப்புறம் எழுந்து எங்கள் வாசல்படிக்கு வந்தார். நான் வைத்திருந்த பழத்தை உரித்து ரெண்டு வாயில் தின்றார். தோலை முடிச்சுப் போட்டார்.

அத்தைக்குத் தெரியும். கதவைத் தாழ் போடாதே என்றது இதற்குத்தான். இவர் வந்து படுக்க.

படியில் கால் வைக்கிறார்.

இதற்கு மேல் இருக்கிறதை முடிந்த பிறகு எழுதுகிறேன். கை அதே கைதான், கோணல் மட்டும் அதிகம்.

நான் கதவில் முதுகை வைத்திருந்தேன். கதவு ஒரு சாண் உள்ளே வந்து, என்மேல் முட்டி நின்றது.

"அம்மா," என்று கிசுகிசுத்தார். "கதவுல எதைய வெச்சிருக்கற?"

"அத்தை இல்லீங்க. பொள்ளாச்சி போயிட்டாங்க. நாந்தான்."

பிறகு சித்தர் குரல் போய் அவர் குரல் வந்தது.

"சாமி பாதியில திருப்பி அனுப்பிச்சுட்டாரு. நீ உள்ள போய்ப் படு."

"எந்த மலையிலிருந்துங்க?"

"என்ன?"

"ஆண்டி சுனை தாண்டியா, தாண்டாமயாங்க?"

இதை நான் கேட்டேன் என்று இப்போதும் நம்ப முடியவில்லை. பயம் வந்தால் எனக்குப் பேச்சு நிற்காது என்று சொன்னேனே.

"கான்வென்ட்டு நாயே," என்றார். தடி இடுக்கு வழியாக உள்ளே வந்தது. முதலில் வந்தது அதன் அடிதான். தேய்த்த மாவு இன்னும் அதில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. விலாவில் தோல் கிழிய ஒரு குத்து. அதே இடத்தில் இன்னொன்று. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. தடியை நெம்புகோல் மாதிரி வைத்துக் கதவைத் தள்ளினார். "வெளிய ஒரு வார்த்த போச்சு, உன்னையும் உன்ற புள்ளையையும் மலை மேல கொண்டுபோயி உருட்டி உட்ருவேன்" என்றார்.

அந்த வலியிலும் எனக்குத் தோன்றியது, எப்படி உருட்டுவார்? அதற்கு மேலே ஏற வேண்டுமே.

மகி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தையலுக்குக் கீழே கண் பெரிதாக. அவளே தன் விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். உஷ்.

அதைப் பார்த்ததும் நான் திரும்பினேன். இந்தத் தடவை முதுகைக் காட்ட இல்லை. தடியை ரெண்டு கையாலும் பிடித்தேன், அவர் உள்ளே தள்ளுகிறபோதே நானும் உள்ளே இழுத்தேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நான் எப்போதும் தள்ளத்தானே செய்வேன். தடி முழுசாக என் கைக்கு வந்துவிட்டது. அவர் விரல்கள் மட்டும் இடுக்கில் இருந்தன, நாலு விரல். தோளைக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன், சிஸ்டர். பார்த்துத்தான் சாத்தினேன். அவர் கத்தினார். பதினொரு தடவை மலை ஏறினவர் கத்துவதைத் தெருவே கேட்டிருக்கும். எதிர்வீட்டில் லைட் எரிந்தது. விரல்கள் போனதும் கதவு சட்டத்தில் பொருந்தியது.

தாழ்ப்பாளில் கையை வைத்தபோது ஒரு கணம் நின்றுவிட்டேன். அத்தனை வருஷப் பழக்கம். தாழிட்டால் மலையில் அவருக்குக் கால் இடறுமே.

மலையில் யாரும் இல்லை. அவர் வாசலில் இருக்கிறார்.

தையல் பிரிக்க எட்டு மணிக்கு வருகிறோம். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறேன், ஜன்னல் வழியாக, அந்த அக்கா தன் போனில் யாரையோ அழைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் கேட்டது என் பக்கத்தில்தான் இருக்கிறது. ஐந்தடி நீளம், அடியில் வெள்ளை மாவு, ஒரு பக்கம் என் ரத்தம். துடைக்காமல் எடுத்து வருகிறேன். வெளியே அவர் கதவை உதைக்கிறார், உதைக்கட்டும். எட்டாத உயரத்தில் இருக்கிற தாழ்ப்பாள், எம்பித்தான் போட வேண்டியிருந்தது, விலா கிழிந்துவிடும் போல வலித்தது, எம்பினேன். பித்தளை முழுசாக உள்ளே போய் உட்கார்ந்தது.